ஒரு ஆண்டும் ஓர் இடைவெளியும்



மாதிரி வினாத்தாள்களுக்குள் நுழைவதற்கு முன்னர், நான் செய்த தவறொன்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியுள்ளது. நான் கலைப்பட்டதாரி; தமிழும் வரலாறும் கற்பிப்பவன். கணினியின் உள்விடயங்கள் எனக்குத் தூரத்து உறவு. ஆயினும் இத்தவறை எனக்கு விளங்கப்படுத்தியது ஒரு கணினிக் கருவிதான்.

எனது வரலாற்றுக் குறிப்புகள் பல ஆண்டுகளாகப் பாமினி எழுத்துருவில் கிடந்தன. ஒரு தவணை விடுமுறையில் அவற்றை யுனிக்கோட்டுக்கு மாற்றினேன். அத்தோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. பந்திகளை அட்டவணைகளாக்கினேன், தலைப்புகளைத் தடித்த எழுத்தாக்கினேன், இடையிடையே விடைகளையும் திருத்தினேன். எல்லாம் ஒரே மூச்சில். ஒப்புநோக்கித் தந்த நண்பரின் கையில் பழைய பிரதியும் புதிய பிரதியும் இருந்தன. ஆனால் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் எல்லாமே மாறியிருந்தன. அவர் எதைத்தான் பார்ப்பார்? டொனமூர் அரசியல் யாப்பு நடைமுறைக்கு வந்த 1931ஆம் ஆண்டு, அட்டவணையில் 1913 ஆகிவிட்டது.

வகுப்புப் பரீட்சையில் ஒரு மாணவி 1913 என்றே எழுதினாள். சிவப்பு மையினால் பிழையிட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. எனது குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, அந்தப் பக்கத்தை மேசையில் என் முன்னே வைத்தாள்.

அந்த வாரம் எனது பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். கொழும்பில் மென்பொருள்களைச் சோதிக்கும் தொழில் பார்ப்பவன். கதையைக் கேட்டுச் சிரிப்பான் என்றிருந்தேன். “சேர், நீங்கள் இரண்டு வேலையை ஒன்றாகச் செய்துவிட்டீர்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டு, மடிக்கணினியைத் திறந்தான்.

அவன் காட்டியது பைடெஸ்ட். பைதன் மொழியில் எழுதிய செய்நிரல்கள் சரியாக இயங்குகின்றனவா எனச் சோதிக்க உதவும் செய்நிரல் நூலகம் அது. ஹோல்கர் கிரேகல் என்பவர் தொடங்கிய இந்நூலகத்தில் பல நாட்டவர்கள் எழுதுகிறார்கள். யார், எந்த வரியை, எப்போது மாற்றினார் என்ற வரலாறு முழுவதும் எவரும் பார்க்கத்தக்கதாக இருக்கின்றது.

பலர் எழுதினால் என்ன நடக்கும்? உங்கள் வகுப்பில் நாற்பது கொப்பிகளைச் சேர்த்துப் பாருங்கள். ஒருவர் ஓரம் விடுவார், ஒருவர் விடமாட்டார். செய்நிரலிலும் அப்படித்தான். ஒற்றை மேற்கோள் குறியா, இரட்டையா, நீண்ட வரியை எங்கே முறிப்பது என்றெல்லாம் பிணக்குகள் வரும். இதற்கு முடிவுகட்டவே செய்நிரலைத் தானாக ஒழுங்குபடுத்தும் கருவிகள் வந்தன. வூக்காஷ் லாங்கா 2018இல் வெளியிட்ட ‘பிளாக்’ அவற்றுள் ஒன்று. வேறு நிறத்தைத் தெரிவுசெய்ய இடமில்லாத ஹென்றி ஃபோர்டின் கறுப்புக் காரை நினைவூட்டும் பெயர். வேறெதுவும் சொல்லாவிட்டால் ஒரு வரிக்கு 88 எழுத்து என்று அது எடுத்துக்கொள்ளும்; உங்கள் விருப்பத்தை அதிகம் கேட்காது. அதன் சில முறிப்புகள் என் கண்ணுக்கு அழகில்லை. ஆனால் அது பணிவான கருவி. ஒழுங்குபடுத்திய பின், பழைய செய்நிரலின் பொருளும் புதியதன் பொருளும் ஒன்றுதானா என இரண்டையும் பகுத்து ஒப்பிட்டுப் பார்க்கும். வேறுபட்டால் மாற்றத்தை எழுதாமலே விட்டுவிடும். என் கை அப்படிச் செய்யவில்லையே!

பைடெஸ்ட் 2018இலேயே பிளாக்கை ஏற்றுக்கொண்டது. இனித்தான் நமக்குரிய விடயம் வருகின்றது. கருவியும் மாறும். 2022 ஜனவரியில் பிளாக்கின் முதலாவது உறுதியான பதிப்பு வந்தபோது, அடுக்கைக் குறிக்கும் இரட்டை நட்சத்திரக் குறியின் இருபுறமும் இருந்த இடைவெளி எளிய உறுப்புகளில் நீங்கியது. 2024 ஜனவரிப் பதிப்பு, கோப்பின் தலையிலுள்ள விளக்கக் குறிப்பின் கீழே ஒரு வெற்று வரியைக் கட்டாயமாக்கியது. ஆக, கருவியை இற்றைப்படுத்த அமைப்புக் கோப்பில் ஒரு பதிப்பு எண்ணை மாற்றினால் போதும்; ஆனால் எவரும் கை வைக்காத கோப்புகள் பலவற்றில் வரிகள் மாறிவிடும். 2024இன் தொடக்கத்தில் பைடெஸ்ட் பிளாக்கை விட்டு, ஏறத்தாழ அதே பாணியில் ஒழுங்குபடுத்தும் ‘ரஃப்’ என்னும் விரைவான கருவிக்கு மாறியபோதும் அப்படித்தான்.

இவ்வளவு மாற்றங்களையும் யார் வரி வரியாகப் படிப்பது? படிக்க வேண்டியதில்லை என்றான் என் மாணவன். பதிப்பு எண்ணை மாற்றுவதையும் கருவியை ஓட்டுவதையும் மட்டும் தனியான பதிவாகச் சேர்க்க வேண்டும். சந்தேகப்படுபவர் தானும் அதே கருவியை ஓட்டிப் பார்க்கலாம். அதே விளைவு வந்தால் முடிந்தது. ஆனால் அந்தப் பதிவுக்குள் ஒருவர் போகிற போக்கில் ஓர் எண்ணையும் திருத்திவிட்டால், அதை எவரும் காணமாட்டார். நூற்றுக்கணக்கான இடைவெளிகளுக்குள் அது ஒளிந்துகொள்ளும். எனது 1913 ஒளிந்திருந்ததும் அட்டவணைக் கோடுகளுக்குள்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த வரியைக் கடைசியாக மாற்றியவர் யார் எனக் காட்டும் கட்டளை ‘கிட்’ என்னும் மென்பொருளில் இருக்கின்றது. அதன் பெயரின் பொருளே ‘குற்றஞ்சாட்டு’ என்பது! கருவியை ஓட்டியபின் பல வரிகள் ஓட்டியவரின் பெயரிலேயே நிற்கும். உண்மையில் எழுதியவர் மறைந்துவிடுவார். 2019 ஓகஸ்டில் வந்த கிட் 2.23 பதிப்பு இதற்கு வழி செய்தது. ஒழுங்குபடுத்தல் பதிவுகளின் எண்களை ஒரு கோப்பில் எழுதிவைத்தால், குறித்த கட்டளை அவற்றைத் தாண்டிப் பின்னே சென்று உண்மையான எழுத்தாளரைக் காட்டும். பைடெஸ்டிலும் அத்தகைய கோப்பு உண்டு. பதிவு தனியாக இருந்தால்தான் இதுவும் பயன்படும்.

சோதனை நூலகமாகையால் பைடெஸ்டுக்கு ஒரு தனித் தொல்லை இருக்கின்றது. ஒரு சோதனை தோற்றால் எந்தக் கோப்பில், எந்த வரியில் தோற்றது என்று அந்த வரியோடு காட்டுவது அதன் வேலை. அதைச் சரியாகக் காட்டுகின்றதா எனச் சோதிக்க, வேண்டுமென்றே கோணலாக எழுதிய வரிகளும் அதன் சோதனைகளுக்குள் இருக்கின்றன. அங்கே இடைவெளியும் வரிமுறிப்பும் அலங்காரமல்ல, பொருளே அதுதான். அத்தகைய இடங்களில் ‘எஃப்.எம்.ரி: ஓஃப்’ என்றொரு குறிப்பு இட்டிருப்பார்கள். கருவி அதைக் கண்டதும் தொடாமல் விலகிவிடும். வெண்பாவை உரைநடைபோல் ஒரே வரியில் எழுதிப் புள்ளி இழந்தவர்களுக்கு இது நன்றாக விளங்கும்.

மாணவன் சென்ற பின் நான் முதலிலிருந்து தொடங்கினேன். பழைய பிரதியை எடுத்து, முதலில் எழுத்துருவையும் அமைப்பையும் மட்டும் மாற்றினேன். ஒரு சொல்லையும் தொடவில்லை. கை துறுதுறுத்தது, உண்மை. நண்பர் ஒப்புநோக்கி, சொற்களில் வேறுபாடில்லை என்றார். அதன்பின் விடைத் திருத்தங்களை மட்டும் தனித்தாளில் எழுதினேன். மொத்தம் பதினொரு வரிகள். எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கின.

அந்தத் தாளை அந்த மாணவியிடமே கொடுத்து, பார்த்துத் தரும்படி கேட்டேன். மறுநாள் திருப்பித் தந்தாள். ஒன்பதாவது வரியின் அருகே பென்சிலால் ஒரு கேள்விக்குறி இட்டிருந்தாள். அவள் கேட்டது சரி.