தள்ளியது யார்?

சாலையோரத்தில் ஒருவர் கால் தடுமாறி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தால் போதும். ‘காலையிலேயே ஏத்திட்டார் போல’ என்று தெருவே தீர்ப்பு சொல்லிவிடும். அப்படி நடப்பதை ஆங்கிலத்தில் ‘ஸ்டாகர்’ என்பார்கள். அந்தச் சொல்லின் பூர்வீகம் தெரிந்தால், இவ்வளவு அவசரமாகத் தீர்ப்பு சொல்ல மனம் வராது.

வைக்கிங் கடலோடிகள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் ‘ஸ்டாகா’ என்றால் தள்ளுவது. திரும்பத் திரும்பத் தள்ளுவது ‘ஸ்டாக்ரா’. அவர்கள் இங்கிலாந்தில் குடியேறியபோது அவர்களோடு போன சொற்களில் இதுவும் ஒன்று. அங்கே உருமாறி ‘ஸ்டாகர்’ ஆனது. ஆக, ஸ்டாகர் ஆகிறவரை எதுவோ தள்ளுகிறது!

நம் ‘தள்ளாடு’ம் அப்படித்தானே? அதற்குள்ளும் ஒரு ‘தள்ளு’ இருக்கிறது. இரண்டு மொழிகளுக்கும் உறவில்லை. ஆனால், இரண்டும் ஒரே காட்சியைக் கண்டிருக்கின்றன.

பிறகு அந்தச் சொல் பல இடங்களுக்குப் போனது. மலைக்க வைக்கும் விலைக்கு ‘ஸ்டாகரிங்’ விலை என்று பெயர். தள்ளாடுபவரின் காலடி இங்கொன்றும் அங்கொன்றுமாக விழுவதுபோல, ஒரே வரிசையில் இல்லாமல் முன்பின்னாக வைப்பதற்கும் அதே சொல். 400 மீட்டர் ஓட்டத்தில் வீரர்கள் ஒருவருக்கொருவர் தள்ளித் தள்ளி நிற்பது ‘ஸ்டாகர்டு’ தொடக்கம். முதல் தடத்தில் நிற்பவரைவிட இரண்டாம் தடத்துக்காரர் சுமார் 7 மீட்டர் முன்னால் நிற்பார். வளைவில் வெளித்தடம் நீளம் என்பதால், அதுதான் நியாயம்.

கால்நடைகளுக்கு வரும் ஒரு நோயின் பெயர் ‘கிராஸ் ஸ்டாகர்ஸ்’. இளம்புல்லை மேய்ந்த மாடு தள்ளாடும், விழும். ரத்தத்தில் மக்னீசியம் குறைந்ததுதான் காரணம். மாட்டைப் பார்த்து யாரும் ‘குடித்திருக்கிறது’ என்று சொல்வதில்லை. என்ன நோய் என்றுதான் தேடுகிறோம்.

மனிதரிடம்தான் தேடுவதில்லை. சர்க்கரை நோயாளிக்குத் திடீரென்று சர்க்கரை இறங்கினால் கால் பின்னும், பேச்சு குழறும். எழுந்ததும் ரத்த அழுத்தம் குறைந்தாலும் தள்ளாட்டம் வரும். உள்காதில் கோளாறு என்றாலும் வரும். தள்ளாட்டத்தோடு வாய் கோணி, ஒரு கை துவண்டால் பக்கவாதமாக இருக்கலாம். அடைப்பைக் கரைக்கும் ஊசி பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. ‘குடிகாரர்’ என்று ஒதுங்கிப் போகும் ஒவ்வொரு நிமிடமும் அவருக்கு நஷ்டம். உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

குடித்தவராகவே இருந்தால்தான் என்ன? விழுந்தால் அவருக்கும் மண்டை உடையும்.

முதலில் கையைப் பிடித்து உட்கார வைப்போம். தள்ளியது யார் என்று அப்புறம் விசாரித்துக்கொள்ளலாம்.