நடந்தே பார்க்க வேண்டிய நாடுகள்

டெல்ட்ராசில் ஒரு மரம்தான். ஆனால் அதன் உச்சியில் காடும் ஏரியும் ஊர்களும் ஒரு தலைநகரமும் இருக்கின்றன. நடுக்கடலில் முளைத்து மேகத்துக்கு மேலே எழுந்து நிற்கும் அந்த மரத்தில்தான் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாட்டின் நைட் எல்ஃப்கள் தங்கள் வாழ்க்கையைத் தொடங்குகிறார்கள். உச்சிப் பகலிலும் அங்கே ஊதா நிறத்தில் அந்தி கவிந்திருக்கும். மரங்களுக்கிடையே சின்னச் சின்ன ஒளித்துணுக்குகள் மிதந்துபோகும். லெவல் 10 வரை அந்தக் காட்டிலேயே திரிந்துவிட்டு, இன்னொரு கண்டத்தில் இருக்கும் மனிதர்களின் தலைநகரமான ஸ்டார்ம்விண்டைப் பார்க்கக் கிளம்பினேன். ஆன்லைன் ஆர்பிஜிகளில் நான் நடந்த வழிகளிலேயே என் மனசுக்கு மிக நெருக்கமானது அதுதான்.

தலைநகர் டார்னாசஸின் மேற்குக் கோடியில் ஓர் ஒளிவாசல் உண்டு. அதில் நுழைந்தால் மரத்தின் அடிவாரத்துக் கிராமத்துக்கு வந்துவிடலாம். அங்கிருந்து கடலைத் தாண்டினால் ஆபர்டீன் என்ற கரையோர ஊர். அதன் துறைமேடையில் நின்றால் சில நிமிடங்களுக்கு ஒரு முறை கப்பல் வரும். டிக்கெட் கிடையாது, ஏறிக்கொள்ள வேண்டியதுதான். கப்பல் நம்மை இறக்கிவிடும் மெனதில் துறைமுகம் ‘வெட்லேண்ட்ஸ்’ என்ற சதுப்பு நிலத்தின் ஓரத்தில் இருக்கிறது. அந்தச் சதுப்பு லெவல் 20 முதல் 30 வரை உள்ளவர்களுக்கானது. பத்தில் இருப்பவர் அங்கே காலை வைத்தால், பல பிராணிகளின் படத்துக்குப் பக்கத்தில் எண்ணுக்குப் பதிலாக மண்டையோடுதான் தெரியும். நம் லெவல் எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ அவ்வளவு தூரத்திலிருந்தே அவை நம்மைக் கண்டுகொள்ளும்.

பாசி பிடித்த நீர், இடுப்பளவு புல், அதற்குள் முதலை இனத்து க்ரோக்கோலிஸ்குகள். சாலையை விட்டு ஒரு அடி விலகாமல் போய்க்கொண்டிருந்தபோது, முன்பின் தெரியாத ஒருவர் எதிரே வந்தார். ட்வார்ஃப் வேட்டைக்காரர், கூடவே வளர்ப்புக் கரடி. என்னைப் பார்த்ததும் நின்றார். பிறகு வந்த வழியே திரும்பி எனக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தார். சாலையோரத்தில் எது தலைநீட்டினாலும் கரடி போய் அதை முடித்துவிட்டு வந்தது. டன் அல்காஸ் மலைச்சுரங்கத்தின் வாய்வரை வந்து, ஒரு கையசைப்போடு அவர் திரும்பிப் போனார். ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

சுரங்கங்களில் ஓர்க்குகளுக்குத் தப்பி மேலேறினால் லாக் மோடான். மலைகளுக்கு நடுவே பரந்த ஏரி, வடக்கே அதைத் தாங்கி நிற்கும் கல் அணை. அதைக் கடந்து மேற்கே கணவாயில் ஏறினால் டன் மோரோவின் பனி. காலடி ஓசையே மாறிவிடும். பனிச்சரிவின் முடிவில், மலையைக் குடைந்து செதுக்கிய அயர்ன்ஃபோர்ஜின் மாபெரும் வாசல். உள்ளே நகரத்தின் நடுவில் உருகிய உலோகம் செந்நிறமாக வழிந்துகொண்டிருக்கும், சம்மட்டி ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் கதகதப்பு திரையைத் தாண்டி என்னை எட்டியதற்குக் காரணம், அதுவரை பனியில் நடந்து வந்திருந்ததுதான். அங்கிருந்து ஸ்டார்ம்விண்டுக்கு நிலத்தடி டிராம் ஓடுகிறது. வழியில் ஓரிடத்தில் சுரங்கத்தின் சுவர் கண்ணாடியாகி, வெளியே நீரடி உலகம் விரிகிறது.

2004 நவம்பரில் வெளியான விளையாட்டு இது. இன்றைய கண்ணுக்கு அதன் படங்கள் கரடுமுரடானவை; மரத்தின் இலைகள் தட்டையான அட்டைகள். ஆனாலும் அஸெராத் என்ற அந்த உலகம் இடமாகவே மனதில் தங்குகிறது. ஒரே கண்டத்துக்குள் ஊர்விட்டு ஊர் போக லோடிங் திரை கிடையாது. ஒரு நிலத்திலிருந்து இன்னொரு நிலத்துக்கு நடந்துதான் நுழைகிறோம். பறக்கும் பிராணிகள் வாடகைக்கு உண்டு, ஆனால் ஒரு முறை சொந்தமாகப் போய்ச் சேர்ந்த ஊருக்குத்தான் அவற்றில் பறக்க முடியும். இந்த ஒரு விதிதான் அஸெராத்தை நாடாக்குகிறது என்பது என் உறுதியான எண்ணம். ஒரு விளையாட்டு உலகத்தின் சூழல் அங்கே நாம் செலவழித்தே ஆகவேண்டிய நேரத்தால் உருவாகிறது. நேரத்தைக் கேட்காத உலகம் எத்தனை அழகாக இருந்தாலும் படமாகவே நின்றுவிடுகிறது.

வானத்துக்கும் இது பொருந்தும். அஸெராத்தின் சூரியன் சர்வரின் கடிகாரத்தைப் பார்த்து உதிக்கிறது, மறைகிறது. நம் ஊரில் சாப்பாட்டுக்கடை முடித்து இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து ஐரோப்பிய சர்வரில் நுழைந்தால், அங்கே மாலை ஆறு மணியை ஒட்டிய நேரம். வெஸ்ட்ஃபாலின் கோதுமை வயல்களில் வெயில் சாயும் வேளையில்தான் நான் பெரும்பாலும் அங்கே இருப்பேன். இதைவிடக் கடுமையான இரவுகள் 1999-இல் வந்த ‘எவர்குவெஸ்ட்’டில் இருந்தன. அதில் மனித இனக் கேரக்டருக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது. கையில் ஒரு விளக்கு இல்லாமல் காட்டுக்குள் போனால் வழி தவறிவிடும். இருட்டு உண்மையிலேயே இருட்டாக இருந்ததால், தூரத்தில் தெரியும் ஊர் வெளிச்சத்துக்கு மதிப்பு இருந்தது.

நடையின் அருமையை இன்னும் ஆழமாக உணர்ந்தது ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் ஆன்லைன்’ விளையாட்டில். டோல்கீனின் மிடில் எர்த்தை 2007 ஏப்ரலில் டர்பைன் நிறுவனம் நடமாடும் நிலமாக்கியது. ஹாபிட்டாகப் பிறந்தால் ஷயரில் வளரலாம். புல்மேட்டுக்குள் குடைந்த வீடுகள், வட்டக் கதவுகள், புகைபோக்கிகள், காய்கறிப் பாத்திகள். அங்கே கிடைக்கும் வேலைகளில் எனக்குப் பிடித்தது தபால் கொண்டுபோவது. குறித்த நேரத்துக்குள் அடுத்த ஊரில் பையைச் சேர்க்க வேண்டும். வழியில் நிற்கும் வம்பு பேசும் ஹாபிட்டுகள் கண்ணில் பட்டுவிடக் கூடாது. பலகாரம் கொண்டுபோகும் வேலையும் உண்டு, அதில் பசித்த ஹாபிட்டுகளுக்குத் தப்ப வேண்டும். உலகத்தையே விழுங்கக் காத்திருக்கும் ஓர் இருளைப் பற்றிய கதையில், இந்தச் சின்ன வேலைகளுக்கு இவ்வளவு இடம் கொடுத்தவர்களை நான் மனதார மதிக்கிறேன். காப்பாற்ற வேண்டியது எது என்று முதலில் காட்டிவிட்டுத்தான் அவர்கள் நம்மைக் கிழக்கே அனுப்புகிறார்கள்.

கிழக்கே போகும் சாலை பிரீ என்ற ஊரைத் தாண்டியதும் மெல்ல மாறுகிறது. லோன்லேண்ட்ஸில் வீடுகள் குறைந்து, இடிந்த சுவர்கள் கூடுகின்றன. வெதர்டாப் குன்று தொலைவிலேயே தெரிந்து, நாம் நடக்க நடக்க வளர்கிறது. பாழடைந்த ‘ஃபர்சேக்கன் இன்’ சத்திரத்தில் ஒதுங்கிவிட்டு, ‘லாஸ்ட் பிரிட்ஜ்’ பாலத்தைக் கடந்தால் ட்ரோல்ஷாஸ் காடு. இலைகளெல்லாம் செம்பும் தங்கமுமாக இருக்கும் அந்தக் காட்டுக்குள், ‘தி ஹாபிட்’ நாவலில் கல்லாய்ச் சமைந்த ட்ரோல்கள் இன்னும் நின்றுகொண்டிருக்கின்றன. புருயினன் ஆற்றுத்துறையில் இறங்கி ஏறி, பாறைகளுக்கிடையே வளைந்து போனால் ரிவெண்டெல் பள்ளத்தாக்கு திறக்கிறது. எங்கு பார்த்தாலும் அருவி. இடிபாடுகளையும் காட்டையும் கால்வழியாகக் கடந்து வந்தவருக்குத்தான் ரிவெண்டெல் அடைக்கலமாகத் தெரியும். குதிரைலாயத்தில் காசு கொடுத்து நொடியில் வந்து இறங்குபவருக்கு அது இன்னுமொரு குவெஸ்ட் ஊர்.

இந்த உலகத்தில் இன்னொரு செல்வமும் இருக்கிறது. லூட், ஹார்ப், குழல், முரசு என்று வாத்தியங்களை ஆட்டக்காரர்களே வாசிக்கலாம். கீபோர்டைத் தட்டி நேரடியாகவும் வாசிக்கலாம். ஏபிசி என்ற எழுத்துக் குறியீட்டில் எழுதிய பாட்டைக் குழுவாகச் சேர்ந்தும் இசைக்கலாம். பிரீயின் ‘பிரான்சிங் போனி’ சத்திரத்துக்குள் நுழையும்போது யாராவது வாசித்துக்கொண்டிருந்தால், அந்த இடத்தின் காற்றே வேறாகிவிடும். ‘வெதர்ஸ்டாக்’ என்ற பெயரில் வெதர்டாப் குன்றின் மேல் ஆட்டக்காரர்கள் ஆண்டுதோறும் கச்சேரி நடத்தி வந்திருக்கிறார்கள். கம்பெனி கட்டிக்கொடுத்தது குன்றை மட்டும்தான். அதைத் திருவிழாத் திடலாக்கியவர்கள் அங்கே வாழ்ந்தவர்கள்.

வானிலையை ரசிக்க வேண்டுமென்றால் ‘ஃபைனல் ஃபேண்டஸி 14’ விளையாட்டின் எயோர்சியாவுக்குப் போக வேண்டும். அங்கே ஒரு நாள் என்பது நம் 70 நிமிடம். அந்த நாளின் ஒவ்வொரு எட்டு மணி நேரத்துக்கும், அதாவது நம் கணக்கில் 23 நிமிடத்துக்குச் சற்று அதிகமான நேரத்துக்கு ஒரு முறை, வானிலை மாறலாம். மழை, மூடுபனி, புழுதிக்காற்று என்று ஒவ்வொரு நிலத்துக்கும் அதனதன் வானம். சில மீன்கள் குறிப்பிட்ட வானிலையில், குறிப்பிட்ட வேளையில் மட்டுமே தூண்டிலில் சிக்கும். அதற்காகப் பாறையில் உட்கார்ந்து மேகத்தைப் பார்த்துக் காத்திருக்கும் ஆட்டக்காரர்களோடு நானும் காத்திருந்திருக்கிறேன். லிம்சா லொமின்சா என்ற துறைமுக நகரம் இந்தக் காத்திருப்புக்கென்றே கட்டியது போலிருக்கும். கடலிலிருந்து எழும் பாறைத் தூண்களின் மேல் வெள்ளைக் கோபுரங்கள், அவற்றை இணைக்கும் பாலங்கள், கீழே அலை.

இந்த எயோர்சியாவுக்கு ஒரு முற்பிறவி உண்டு. 2010-இல் வெளியான முதல் வடிவம் ஆட்டக்காரர்களிடம் எடுபடவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் பொறுப்பேற்ற நவோக்கி யோஷிடா, இருந்த உலகத்தை ஓடவிட்டபடியே புதிய ஒன்றைக் கட்டத் தொடங்கினார். பழைய உலகத்தின் வானத்தில் டலமுட் என்ற சிவந்த நிலா மாதக்கணக்கில் பெரிதாகிக்கொண்டே வந்தது. 2012 நவம்பரில் அது விழுந்தது, சர்வர்கள் மூடப்பட்டன. 2013 ஆகஸ்டில் உலகம் திரும்ப வந்தபோது, கதைப்படி ஐந்து ஆண்டுகள் கழிந்திருந்தன. பசுமையான மலைநாடாக இருந்த கொயர்தாஸ் தீராத பனிக்குள் புதைந்திருந்தது. ஊர்மக்கள் அந்தப் பேரழிவுக்கு முந்தைய நாட்களைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். ஒரு தோல்வியை அழித்துவிடாமல் நிலத்தின் வரலாறாக மாற்றிக்கொண்டது, இந்தத் துறையில் நான் கண்ட மிகப் பெரிய செயல்.

வரலாறு ஓர் இடத்துக்கு என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ள அஸ்கலோனை விடச் சிறந்த பாடம் இல்லை. 2005-இல் வந்த ‘கில்டு வார்ஸ்’ அங்கேதான் தொடங்குகிறது. வாய்க்கால்கள், கல்பாலங்கள், பழுப்பும் பச்சையும் கலந்த மரங்கள், அமைதியான கிராமங்கள். க்வென் என்ற சிறுமி நம் கூடவே ஓடி வருவாள். உடைந்துபோன தன் குழலுக்காக ஏங்குவாள். புதிய குழல் வாங்கிக்கொடுத்தால் வாசித்துக்கொண்டே பின்னால் வருவாள். பிறகு ஒரு கட்டத்தில் சார் என்ற இனத்தாரின் நெருப்பு வானத்திலிருந்து பொழிகிறது. அடுத்த காட்சியில் இரண்டு ஆண்டுகள் கழிந்து, அதே நிலம் கருகிக் கிடக்கிறது. அந்தக் கேரக்டரால் பழைய அஸ்கலோனுக்கு இனி ஒருபோதும் திரும்ப முடியாது. கருகிய மண்ணில் நடக்கும்போது, இங்கே ஆறு இருந்தது, அங்கே பாலம் இருந்தது என்று கண் தேடிக்கொண்டே இருக்கும். இதனால்தான் அழிவுக்கு முந்தைய அஸ்கலோனை விட்டு வெளியேற மறுத்து, அங்கேயே லெவல் 20 வரை ஏறிய ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். விளையாட்டே பிறகு அவர்களுக்கென்று ஒரு பட்டம் வைத்தது.

2007-இல் வந்த தொடர்ச்சியில் க்வெனை வளர்ந்த பெண்ணாக, சார்கள் மேல் ஆறாத கோபத்தோடு மறுபடி சந்திக்கிறோம். 2012-இல் வந்த ‘கில்டு வார்ஸ் 2’ இன்னும் 250 ஆண்டுகள் தாண்டிப்போகிறது. இப்போது அஸ்கலோன் சார்களின் நாடு. ரின் நகரத்தின் இடிபாட்டின் மேல் அவர்களுடைய இரும்புத் தலைநகரம் நிற்கிறது. நீங்களே சாராகப் பிறந்து, அந்த மண் தங்கள் முன்னோர் மண் என்று அவர்கள் சொல்வதை அவர்கள் பக்கம் நின்று கேட்கலாம். ஒரே நிலத்தை மூன்று காலங்களில், இரண்டு தரப்பின் காலாலும் நடந்து பார்க்கும் வாய்ப்பை வேறெந்தக் கலை வடிவமும் எனக்குத் தந்ததில்லை.

இந்த நாடுகளுக்கு ஆயுள் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். ‘ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ்’ 2011 டிசம்பரில் மூடப்பட்டது. ‘சிட்டி ஆஃப் ஹீரோஸ்’ 2012 நவம்பரில் நின்றது. அஸெராத்திலும் 2010-இன் ‘கேடகிளிசம்’ லாக் மோடானின் அணையை உடைத்து ஏரியை வற்றவைத்தது. 2018-இல் டெல்ட்ராசில் மரமே எரிந்தது. ஆட்டக்காரர்கள் நெடுங்காலம் கேட்டுக்கொண்டதன் பேரில், 2019 ஆகஸ்டில் பழைய அஸெராத் ‘கிளாசிக்’ என்ற பெயரில் மறுபடி திறக்கப்பட்டது. மரமும் ஏரியும் அங்கே முழுசாக இருக்கின்றன. மக்கள் திரும்பக் கேட்டது ஒரு கதையையோ ஒரு ஆயுதத்தையோ அல்ல. தாங்கள் நடந்த ஊரை.

ஆகவே போக நினைப்பவர்களுக்கு என் யோசனை இதுதான். இருக்கும்போதே போய்விடுங்கள். முதல் முறை குதிரையோ மந்திரவாசலோ வேண்டாம். மேப்பை மூடிவிட்டுச் சாலைப் பலகைகளைப் படித்துப் போங்கள். மழை வந்தால் சத்திரத்தில் ஒதுங்குங்கள், யாராவது வாசித்தால் உட்கார்ந்து கேளுங்கள். உங்கள் லெவல் ஏறிய பிறகு, சாலையோரம் பயந்து பயந்து நடந்துவரும் புதியவர் ஒருவரைக் கண்டால், உங்கள் வேலையைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு அவருக்கு முன்னால் நடந்து போங்கள். அந்த நாட்டுக்கு நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய மரியாதை அது.