உடன் அழைத்துச் சென்றவர்

அந்நிய நாட்டில் வாழச் செல்பவருக்கு உணவும் உறைவிடமும் கிடைத்துவிட்டால் போதும் என்று நாம் எண்ணுகிறோம். அவை கிடைத்த பின்னும் ஒரு குறை எஞ்சி நிற்கும். "வாருங்கள், இன்று வெளியே போய் வருவோம்" என்று அழைக்க ஒரு நண்பர் வேண்டும். இவ்வுண்மையை நமக்கு உணர்த்திய இடம் திருவண்ணாமலையில் உள்ள ரமணாசிரமப் பகுதியாகும்.

அண்மையில் நாம் அங்குச் சென்றிருந்தபோது, செங்கம் சாலையோரத் தேநீர்க் கடையில் வெளிநாட்டவர் இருவரைக் கண்டோம். நெடுநாள் தங்கியவர் எனத் தோன்றிய ஒருவர், புதிதாய் வந்தவருக்குத் தண்ணீரை அண்ணாந்து குடிக்கக் கற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தார். புதியவரின் சட்டை நனைந்தது, இருவரும் நகைத்தனர். அப்பொழுது, 1949 ஜனவரியில் இவ்விடத்திற்கு வந்த இரு பிரெஞ்சுக் குருக்கள் நம் நினைவுக்கு வந்தனர்.

மூத்தவர் மொன்ஷானென் அடிகளார். 1939-ல் தமிழகம் வந்து, திருச்சி மறைமாவட்டத்தில் பணியாற்றியவர். இளையவர் ஹென்றி லெ சோ அடிகளார். பிற்காலத்தில் சுவாமி அபிஷிக்தானந்தர் எனப் பெயர் பெற்றவர். பிரான்சில் புனித ஆசீர்வாதப்பர் சபை மடத்தில் துறவியாக வாழ்ந்த அவர், 1948 ஆகஸ்டில்தான் குளித்தலைக்கு வந்து சேர்ந்தார். நேரில் சந்தித்து ஐந்து மாதங்களே ஆகியிருந்த அந்நண்பரை மொன்ஷானென் அடிகளார் ரமண மகரிஷியிடம் அழைத்து வந்தார்.

லெ சோ அடிகளார் பெரிதும் எதிர்பார்த்து வந்தார். கண்டதோ அமைதியாய் அமர்ந்திருந்த ஒரு முதியவரை! அவர் ஏமாற்றமுற்றார். காய்ச்சலும் வந்துவிட்டது. அங்கிருந்த ஆங்கிலப் பெண்மணி ஒருவர், அளவுக்கு மீறிய எண்ணச் சுமையோடு வந்திருக்கிறீர் என்று அவருக்கு எடுத்துரைத்தார். அதன் பின்னரே ஆசிரமத்தின் மௌனமும் வேத ஓதலும் அவர் உள்ளத்தைத் தொட்டன. 1950 ஏப்ரல் 14-ல் மகரிஷி மறைந்த பின்னும், அவர் மீண்டும் மீண்டும் வந்து மலைக் குகைகளில் தங்கித் தியானித்தார்.

பிற சமயங்களில் காணப்படும் உண்மையையும் தூய்மையையும் போற்றி இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிக்கை வெளியிட்டது 1965-ல். அதற்குப் பதினாறு ஆண்டுகள் முன்பே நிகழ்ந்த பயணம் இது!

இருவரும் 1950 மார்ச் 21-ல் தண்ணீர்ப்பள்ளியில் சச்சிதானந்த ஆசிரமத்தைத் தொடங்கினர். ஆயினும், அருணாசலத்தில் இளையவருக்கு ஏற்பட்ட ஈர்ப்பு எங்குக் கொண்டுபோய் விடுமோ என்று மூத்தவர் கவலையுற்றார். கருத்து வேற்றுமை வளர்ந்தது. என்றாலும், 1957-ல் மொன்ஷானென் அடிகளார் பாரிசில் இறைவனடி சேரும் வரை இருவரும் அந்த ஆசிரமத்தவராகவே இருந்தனர். வழி காட்டுபவர், உடன் வருபவரும் தம்மைப் போலவே காண வேண்டும் என்று வற்புறுத்த இயலாது. நட்பின் அருமையும் அதன் வேதனையும் இதுவன்றோ!

எம்மாவு வழியில் நடந்த சீடர் இருவரும், தம்முடன் சேர்ந்துகொண்ட அந்நியரை வீட்டுக்குள் அழைத்திராவிட்டால் அவர் யாரென்று அறிந்திருப்பார்களா?

நம் இல்லங்களின் பிள்ளைகள் பலர் இன்று குவைத்திலும் துபாயிலும் சிங்கப்பூரிலும் வாழ்கின்றனர். முதல் மாதத்தில் யாரோ ஒருவர் அவர்களைக் கோவிலுக்கும் கடற்கரைக்கும் அழைத்துச் சென்றிருப்பார். அவர் பெயரை நாம் கேட்டதுண்டா? அவருக்காக ஜெபித்ததுண்டா?

நம் ஊர்களிலோ, ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வேலைக்கு வந்த கத்தோலிக்க இளைஞர்கள் ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில் நிற்கின்றனர். திருப்பலி முடிந்ததும் நாம் நம் உறவினரோடு பேசிக்கொண்டே வெளியேறுகிறோம். அவர்களோ பேச்சுத்துணையின்றித் தங்குமிடம் திரும்புகின்றனர். மொழி தெரியாதே என்று தயங்க வேண்டியதில்லை. அடுத்த முறை வேளாங்கண்ணிக்குக் குடும்பமாய்ப் புறப்படுகையில், வண்டியில் அவர்களுள் ஒருவருக்கு இடம் வைப்போம்.