'சொறி' என்ற சொல் படுத்தும் பாடு

'சொறி' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மன்னிப்புக் கேட்பது என்றுதான் எம்மில் பலரும் பொருள் கொள்கிறோம். பேருந்தில் எமது காலை மிதித்துவிட்டவர் சொல்லும்போது அது சரிதான். ஆனால், மரண வீட்டுக்கு வந்து கையைப் பற்றிக்கொண்டு 'ஐ ஆம் சொறி' என்று கூறும் ஆங்கிலேயர் எந்தக் குற்றத்தையும் ஒப்புக்கொள்வதில்லை. உங்கள் துயரத்தில் தானும் மனம் நொந்திருப்பதாகவே அவர் சொல்கிறார். இந்தப் பொருள்தான் பழையது. பழைய ஆங்கிலத்தில் புண், நோவு ஆகியவற்றைக் குறித்த சொல்லில் இருந்தே 'சொறி' பிறந்தது. துக்கத்தைக் குறிக்கும் 'சொறோ' என்ற சொல் ஒலியில் நெருங்கி வந்தாலும் அதன் வேர் வேறு. (இலங்கைத் தமிழில் நாம் அதை எழுதும் விதம் ஒரு தோல் வியாதியின் பெயராகவே அமைந்துவிட்டது பற்றிப் பகிடி விடாத ஆசிரிய பீடம் இருக்க முடியாது.)

இந்த இரட்டைப் பொருள் தனிமனிதர்களுக்கிடையே பெரிய பாதகத்தைச் செய்வதில்லை. அரசாங்கங்கள் பேசும்போதுதான் வில்லங்கம் ஆரம்பிக்கிறது.

2001 ஏப்ரல் 1 ஆம் திகதி தென்சீனக் கடலுக்கு மேலாக அமெரிக்க உளவு விமானம் ஒன்றும் சீனப் போர் விமானம் ஒன்றும் மோதிக்கொண்டன. சீன விமானி வாங் வெய் உயிரிழந்தார். சேதமடைந்த அமெரிக்க விமானம் ஹைனான் தீவில் தரையிறங்க, அதிலிருந்த 24 பேரையும் சீனா தடுத்துவைத்தது. மன்னிப்புக் கோரவேண்டும் என்றது பெய்ஜிங். முடியாது என்றது வாஷிங்டன். இறுதியில் ஏப்ரல் 11 ஆம் திகதி அமெரிக்கத் தூதுவர் கையளித்த கடிதத்தில் 'வெரி சொறி' என்ற வார்த்தைகள் இரு தடவைகள் இடம்பெற்றன. முதலாவது, விமானியின் மரணத்துக்காக சீன மக்களுக்கும் அவரது குடும்பத்துக்கும். அது மரண வீட்டுச் 'சொறி'. இரண்டாவது, அனுமதியின்றி சீன வான்பரப்பில் நுழைந்து தரையிறங்கியமைக்காக. என்னைப் பொறுத்தவரை அது பேருந்துச் 'சொறி'க்கு மிகவும் கிட்டியது. மன்னிப்புக்கு நெருக்கமான சீனச் சொற்களில் அதை மொழிபெயர்த்துத் தன் மக்களுக்கு வழங்கியது பெய்ஜிங். அது மன்னிப்பே அல்ல என்றது வாஷிங்டன். 24 பேரும் வீடு திரும்பினார்கள்.

அந்தச் செய்தியைத் தமிழில் எழுதியவர்களுக்கு அந்த வசதி இருக்கவில்லை. 'அமெரிக்கா மன்னிப்புக் கோரியது' என்று தலைப்பிட்டால் பெய்ஜிங்கின் கட்சி. 'வருத்தம் தெரிவித்தது' என்றால் வாஷிங்டனின் கட்சி. இராஜதந்திரிகள் பத்து நாட்கள் பாடுபட்டுக் கண்டுபிடித்த இடைவெளியை, செய்தி மேசையில் இருப்பவர் பத்து நிமிடங்களில் அடைத்துவிட வேண்டியிருந்தது.

அவுஸ்திரேலியாவில் கதை தலைகீழாக நடந்தது. பெற்றோரிடமிருந்து பலவந்தமாகப் பிரிக்கப்பட்ட பூர்வீகக் குடிகளின் பிள்ளைகள் விவகாரத்தில், 1999 ஓகஸ்டில் பிரதமர் ஜோன் ஹவார்ட் பாராளுமன்றத்தில் கொண்டுவந்த பிரேரணை ஆழ்ந்த, உளப்பூர்வமான வருத்தம் தெரிவித்ததே தவிர, 'சொறி' என்று சொல்லவில்லை. முன்னைய தலைமுறையினர் செய்தவற்றுக்கு இன்றைய தலைமுறை பொறுப்பேற்க முடியாது என்பது அவரது வாதம். மன்னிப்பு ஆகாது என்பதற்காக அமெரிக்கா தெரிவுசெய்த அதே சொல்லை, மன்னிப்பு ஆகிவிடும் என்பதற்காக ஹவார்ட் தவிர்த்தார்! 2008 பெப்ரவரி 13 ஆம் திகதி கெவின் ரட் அதே சபையில் பிரேரணையை வாசித்தபோது அந்தச் சொல் மூன்று தடவைகள் ஒலித்தது. அதைக் கேட்டு அழுதவர்கள் அகராதியைப் புரட்டிக்கொண்டிருக்கவில்லை.

வெள்ளையர்களின் சாமர்த்தியம் என்று இதைக் கூறிவிட்டுப் போகமுடியாது. தமிழ்ப் பத்திரிகைகளின் உட்பக்கங்களில், எவரது கண்ணிலும் இலகுவில் படாத ஒரு மூலையில் வெளியாகும் திருத்தங்களைக் கவனித்திருப்பீர்கள். 'தவறுக்கு வருந்துகிறோம்' என்றுதான் அவை முடியும். மன்னிப்புக் கோருகிறோம் என்று முடிந்தவற்றைக் கண்டது மிகவும் அரிது.