கம்பியில் தொங்கும் வௌவால்

கெட்டம்பே தாண்டிப் பேராதனைக்குப் போகிற வழியில் கரண்ட் கம்பியில் ஒரு வௌவால். போன கிழமையும் அங்கேதான் தொங்கியது. சிறகு காய்ந்து, உடைந்த குடையின் துணி மாதிரி. பஸ்ஸில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கம்பியில் சிக்கிய பட்டம் அளவுக்குப் பழகிப்போன காட்சி.

*

பேராதனைப் பூங்காவில் பகலில் இந்தப் பழந்தின்னி வௌவால்கள் ஆயிரக்கணக்கில் தொங்கும். பொழுது சாய்ந்ததும் மகாவலிக்கு மேலாகக் கிளம்பும். சிறகை விரித்தால் ஒரு மீட்டருக்கும் மேல். கிளைகளை மொட்டையாக்குவதால் மரம் வளர்ப்பவர்களுக்கு இவற்றின்மேல் எரிச்சல். அதுவும் நியாயம்தான்.

*

எப்படிச் சாகிறது? ஒரு கம்பியை மட்டும் தொட்டால் ஒன்றும் ஆகாது. நம் தெருக்களில் பல இடங்களில் கம்பிகளை ஒன்றின்கீழ் ஒன்றாக இழுத்திருக்கிறார்கள். மேல்கம்பியைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்குகிற உடம்பு கீழ்க்கம்பியில் பட்டதும் கதை முடிந்தது. 2020இல் வெளியான ஓர் ஆய்வுக்காக இலங்கையில் 925 கிலோமீட்டர் மின்கம்பிகளைப் பார்த்துப் போனார்கள். செத்துக் கிடந்தவை 300. ஊருக்குள், பழமரங்களை ஒட்டித்தான் இந்தச் சாவு. வீட்டுவாசல் ஜம்புவும் கொய்யாவும் தூண்டில் இரை போல. தாய் ஒன்றுக்கு வருடத்தில் ஒரு குட்டிதான், ஈடுகட்டுவது லேசில்லை.

*

மன்னாரைப் பற்றிப் பேசும்போதும் எனக்கு இந்தக் கம்பிதான் ஞாபகம் வருகிறது. 'தம்பபவனி' காற்றாலைப் பண்ணை 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது: 30 காற்றாலைகள், 103.5 மெகாவாட். மத்திய ஆசியாவிலிருந்து வரும் பறவைகள் இந்தியாவைக் கடந்து இலங்கைக்குள் நுழைகிற வாசல் மன்னார்த் தீவு. அதே வாசலில்தான் காற்றும் பலமாக வீசுகிறது. காற்றாலைக்காரனும் பூநாரையும் ஒரே இடத்தை விரும்பினால் என்ன செய்வது! சுழலும் இறக்கையைப் பற்றியே எல்லாரும் பேசுகிறோம். அந்த மின்சாரத்தைக் கொண்டுபோகிற உயர் அழுத்தக் கம்பியும் நீர்ப்பறவைக்கு எமன்தான். பறவை கண்ணில் படும்படி அதில் அடையாளத் தட்டுகளை மாட்டலாம், பெரிய செலவில்லை.

*

நோர்வேயில் ஸ்மோலா என்ற தீவில் நாலு காற்றாலைகளில் மூன்று இறக்கைகளுள் ஒன்றுக்கு மட்டும் கறுப்புப் பெயின்ட் அடித்தார்கள். பறவைச் சாவு 70 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. நல்ல செய்தி, ஆனால் நாலே நாலு கோபுரம். அதோடு பூநாரை பெரும்பாலும் இரவில் இடம்பெயர்கிற பறவை. இருட்டில் கறுப்பென்ன வெள்ளையென்ன?

பூச்சி தின்னும் சிறு வௌவால்களுக்கு வேறு வழி. காற்று மெதுவாக வீசும் இரவுகளில்தான் அவை அதிகம் அடிபடுகின்றன. காற்று நொடிக்கு 5 மீட்டரை எட்டும்வரை இறக்கைகளைச் சுழலவிடாமல் வைத்திருந்தால் சாவு பாதியளவாவது குறைகிறது என்று அமெரிக்காவில் செய்துபார்த்திருக்கிறார்கள். மெல்லிய காற்றில் கிடைக்கிற மின்சாரமே கொஞ்சம்தான், அதனால் நட்டம் சொற்பம். எனக்குப் பிடித்த வைத்தியம் இதுதான். புதுச் சாமான் எதுவும் வாங்க வேண்டாம், கொஞ்ச நேரம் சும்மா இருக்க மனசு வேண்டும்.

ஆனால் தவறான இடத்தில் நட்டுவிட்டால் இதெல்லாம் ஒட்டுப்போடுகிற வேலை. வலசைப் பாதையை விட்டு விலக்கி நடுவதுதான் முதல் மருந்து.

*

2025 பெப்ரவரியில் அதானி கம்பனி மன்னார், பூநகரிக் காற்றாலைத் திட்டங்களிலிருந்து விலகியது. பறவைகளைக் காட்டி வழக்கும் நடந்துகொண்டிருந்தது. கம்பனி கிளம்பியதென்னவோ மின்சார விலைப் பேச்சு முறிந்ததால். பூநாரைகளுக்கு வந்தது தற்செயலான யோகம்.

*

'அது மன்னார்க்காரன் பாடு' என்று கண்டியில் இருந்துகொண்டு சொல்ல முடியாது. ஒரே கம்பிவலைதான், என் மின்விசிறியைச் சுற்றுவதில் மன்னார்க் காற்றுக்கும் பங்கு உண்டு. எங்களுக்குப் பக்கத்திலேயே விக்டோரியா அணை, 210 மெகாவாட். பழைய தெல்தெனிய நகரம் அந்தத் தண்ணீருக்கடியில் கிடக்கிறது. புகையில்லாத மின்சாரத்துக்கும் யாரோ விலை கொடுத்திருக்கிறார்கள்.

*

நேற்று எங்கள் ஒழுங்கையில் ஜம்பு பூத்திருப்பதைப் பார்த்தேன். கிளை ஒன்று கம்பியை எட்டிவிட்டது. உங்கள் வாசலிலும் அப்படி ஒரு கிளை இருந்தால் காய் பழுக்குமுன்னே மின்சார சபைக்காரரிடம் சொல்லி வெட்டுவியுங்கள். நீங்களே கத்தியோடு ஏறிவிடாதீர்கள்.