ஒரு கணையம், இரண்டு வேலை

காலையில் பள்ளிகொண்டாவில் கிழக்கே போகும் பஸ்ஸில் ஏறுகிறவர்களில் சிலர் கையில் வேலூர் ஆஸ்பத்திரி ஃபைல் இருக்கும். மேற்கே ஆம்பூர் பஸ்ஸில் ஷூ கம்பெனிக்கும் டேனரிக்கும் வேலைக்குப் போகிறவர்கள். இந்த இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு சுரப்பி உண்டு: கணையம்.

பிட்யூட்டரி, தைராய்டு, அட்ரினல் என்று பள்ளிக்கூடத்தில் ஒப்பித்த நாளமில்லாச் சுரப்பிகளின் வரிசையில் இதுவும் வரும். ஆனால் இதற்கு நாளமும் உண்டு. இரைப்பைக்குப் பின்னால் ஒரு சாணுக்குள் அடங்கிக் கிடந்து, நாளம் வழியாகச் செரிமான நீரைச் சிறுகுடலுக்கு அனுப்புகிறது. அதற்குள் சிதறிக் கிடக்கும் லாங்கர்ஹான் திட்டுகள் இன்சுலினையும் குளுகோகானையும் நேரே ரத்தத்தில் விடுகின்றன. எடையில் இந்தத் திட்டுகள் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். சுகர், சுகர் என்று நாம் பயப்படுவதெல்லாம் அந்தச் சிறு பங்கை நினைத்து. மீதிக் கணையத்தை யாரும் விசாரிப்பதில்லை.

தோல் தொழில் விசாரித்திருக்கிறது. சுண்ணாம்பில் ஊறி மயிர் உதிர்ந்த தோல் உப்பி விறைத்திருக்கும். அதை இளக்க ஒரு காலத்தில் நாய் மலத்தையும் புறா எச்சத்தையும் கரைத்து ஊற்றினார்கள். அந்த அருவருப்புக்கு முடிவு கட்டியவர் ஓட்டோ ரோம். 1907-ல் ஜெர்மனியில் கம்பெனி தொடங்கி, விலங்குகளின் கணைய நொதிகளைக் கொண்டு தோலைப் பதமாக்கும் சரக்கை விற்றார். புரதத்தைக் கரைக்கும் டிரிப்சின்தான் அதில் முக்கியம். இந்த வேலைக்கு டேனரியில் பேட்டிங் என்று பெயர். டிரம்மிலிருந்து ஒரு தோலை உருவிக் கட்டை விரலால் அழுத்துவார்கள். விரல் பதிந்த தடம் எழும்பாமல் அப்படியே நின்றால் பதம் வந்துவிட்டது. கைப்பழக்கம் உள்ளவருக்கு ஒரே அழுத்தல் போதும்.

தோலை இளக்கும் அதே டிரிப்சின் இன்சுலினைச் சிதைத்துவிடும் என்றுதான் 1921-ல் டொராண்டோவில் அதைச் சர்க்கரை நோய்க்கு மருந்தாகப் பிரித்தெடுக்க முயன்ற டாக்டர் பான்டிங் அஞ்சினார். நாயின் கணைய நாளத்தைக் கட்டிவிட்டு, செரிமானப் பகுதி சுருங்கிய பிறகு சாறு எடுத்தார். பிறகு இறைச்சிக் கூடத்து மாட்டுக் கணையமும் ஆல்கஹாலும் போதும் என்று ஆயிற்று. 1922 ஜனவரி 11 அன்று லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சர்க்கரை நோயாளிப் பையனுக்குப் போட்ட முதல் ஊசி சரியாகப் பலிக்கவில்லை. பான்டிங்கோடு வேலை செய்த உயிர்வேதியியலாளர் காலிப் சுத்திகரித்துக் கொடுத்த மருந்து 23-ஆம் தேதி பலித்தது. 1982-ல் நுண்ணுயிரியில் தயாரித்த மனித இன்சுலின் விற்பனைக்கு வரும்வரை, உலகம் முழுக்க நோயாளிகள் மாட்டுக் கணையத்தையும் பன்றிக் கணையத்தையும் நம்பித்தான் உயிர் வாழ்ந்தார்கள். தோல் எடுக்கிற மாட்டிலிருந்துதான் இந்த மருந்தும் வந்தது என்பதைத் தோல் ஊர்க்காரனாக நான் மரியாதையோடு நினைக்கிறேன்.

கணையத்தின் இரண்டு வேலையும் ஒன்றாகக் கெடுகிற நோய் ஒன்று உண்டு. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மருத்துவர்கள் நன்கு அறிந்தது. மது தொடாதவர்களுக்கும் வரும். சின்ன வயதிலேயே வயிற்று வலி வந்து வந்து போகும். வலி முதுகுக்குப் பாயும். கணைய நாளத்தில் கல் சேரும். கொழுப்பு செரிக்காமல் மலம் எண்ணெய்ப் பசையோடு போகும். ஆள் மெலிவார். சில வருடங்களில் சர்க்கரையும் வந்து சேரும். இவர்களில் பலருக்கு இன்சுலின் ஊசியோடு சாப்பாட்டுக்குச் சாப்பாடு நொதி மாத்திரையும் வேண்டும். அதுவும் விலங்குக் கணையத்திலிருந்து எடுப்பதுதான்.

‘சுகர்னா குண்டா இருக்கிறவங்களுக்குத்தானே’ என்ற பேச்சு எங்கள் பக்கம் சகஜம். அந்தப் பேச்சுதான் ஒல்லியான பிள்ளைகள் டாக்டரிடம் போவதைத் தாமதப்படுத்துகிறது. உங்கள் வீட்டில் இளம் வயதில், மெலிந்த உடம்பில் சர்க்கரை வந்திருந்தால், வயிற்று வலியும் எண்ணெய் மிதக்கும் மலமும் உண்டா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். இருந்தால் அதை டாக்டரிடம் சொல்லி, கணையத்தை ஒருமுறை ஸ்கேன் செய்து பார்க்கலாமா என்று கேளுங்கள்.