மாதவியின் மணம்

கடலாடு காதையை நடத்தும்போது ஆண்டுதோறும் நாம் தவறாமல் சொல்லிவந்த ஒரு வாக்கியம் உண்டு: "நறுமணப் பொருள்கள் ஊறிய நீரில் மாதவி நீராடினாள்." பத்து வகைத் துவர், ஐந்து வகை விரை, முப்பத்திரண்டு வகை ஓமாலிகை என்று எண்ணிக்கையைக் கரும்பலகையில் எழுதுவோம். கூந்தலைப் புகையில் உலர்த்தியதையும், கத்தூரிக் குழம்பு பூசியதையும் சொல்வோம். தேர்வில் ஐந்து மதிப்பெண் வினாவாக வரும் என்று எச்சரித்துவிட்டு அடுத்த பகுதிக்குச் சென்றுவிடுவோம். இருபது ஆண்டுகள் இப்படியே கழிந்தன.

சில பருவங்களுக்கு முன் முதுகலை முதலாண்டு மாணவி ஒருத்தி எழுந்து நின்றாள். காங்கேயம் பக்கத்துப் பெண். "அம்மா, இத்தனையும் ஒண்ணாச் சேர்ந்தா என்ன வாசம் வருமுங்க?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம். "நல்ல வாசம் வரும்" என்று சொல்லி உட்காரவைத்தோம். அந்த விடை அன்று மாலை வரை நம்மை உறுத்திக்கொண்டே இருந்தது. காரணம் அம்மாணவிக்குத் தெரியாது. அப்போது நம் மூக்கு பாதிதான் வேலை செய்துகொண்டிருந்தது.

2021 மே மாதம். கோவையில் பெருந்தொற்றின் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த நாள்கள். நம் வீட்டில் எல்லோரையும் தொற்று பிடித்தது, எல்லோரும் பிழைத்தோம். அந்த வகையில் நாம் பேறு பெற்றவர்களே. ஆனால் நமக்கு மட்டும் நுகர்வு உணர்ச்சி அடியோடு போயிற்று. ஏழு மாதம் ஒன்றும் இல்லை. பிறகு வந்தது தாறுமாறாக வந்தது. காப்பி கருகிய ரப்பராக மணத்தது. சத்தியமங்கலத்து மல்லிகையைத் தலையில் வைத்தால் சாக்கடை ஓரத்தில் நிற்பதுபோல் இருந்தது. மல்லிகையில் இண்டோல் என்றொரு சேர்மம் உண்டு. தனியே செறிவாக நுகர்ந்தால் அது மலநாற்றம். மற்ற மணங்களோடு சிறிதளவு கலந்திருக்கும்போதுதான் அது பூவுக்கு ஆழத்தைத் தருகிறது. நம் மூக்கு அந்தக் கூட்டைப் பிரித்துவிட்டது போலும் என்று எண்ணிக்கொண்டோம். பூ வைப்பதை விட்டுவிட்டோம்.

பால் கெட்டுவிட்டதா, அடுப்பில் ஏதும் அடிப்பிடிக்கிறதா என்று மகளைக் கேட்டுக் கேட்டுக் காலம் தள்ளலாம். கேட்க முடியாதது ஒன்று இருந்தது: நம் உடம்பு என்ன மணக்கிறது? வியர்வை நாற்றம் வருகிறதா, சேலை துவைக்க வேண்டியதா, ஒன்றும் தெரியாது. இருவேளை குளிப்பது மூவேளை ஆயிற்று. ஓர் அத்தர்ப் புட்டி வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாடவேளைக்கு முன்னும் பூசினோம். ஒருநாள் துறைத் தோழி ஒருவர் தனியே அழைத்து, "வாசம் கொஞ்சம் அதிகமா இருக்குதுங்க. புள்ளைங்க பேசிக்கிறாங்க" என்றார். அன்று அடைந்த நாணத்தை இதற்கு முன் எவரிடமும் சொன்னதில்லை.

மருத்துவர் நுகர்வுப் பயிற்சி செய்யச் சொன்னார். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹும்மல் என்பவரும் அவர் குழுவினரும் 2009இல் வெளியிட்ட முறை அது. ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு ஆகிய நான்கு எண்ணெய்களைக் காலையும் மாலையும் சில நொடிகள் முகர வேண்டும். முகரும்போது அந்த மணத்தை நினைவுக்குக் கொண்டுவர முயல வேண்டும். நமக்கு யூகலிப்டஸ் என்றால் நீலகிரித் தைலம். மேட்டுப்பாளையம் தாண்டினால் சாலையோரமெங்கும் விற்பது. நால்வரில் முதலில் திரும்பி வந்தது கிராம்புதான்.

நிற்க. மாணவியின் வினாவுக்கு வருவோம்.

மறுவாரம் அவளே ஒரு செய்தி கொண்டுவந்தாள். கதைமாந்தர்களின் பெயரில் வாசனை எண்ணெய் செய்து விற்கும் நிறுவனங்கள் மேலைநாடுகளில் இருக்கின்றனவாம். அமெரிக்காவின் பிளாக் ஃபீனிக்ஸ் ஆல்கெமி லேப் அவற்றுள் ஒன்று. அற்புத உலகில் ஆலிஸ் கதையில் வரும் வெள்ளை முயலுக்கு அவர்கள் தேநீர், பால், இஞ்சி, தேன், துவைத்த துணி ஆகியவற்றின் மணங்களைச் சேர்த்திருக்கிறார்கள். வாங்குவோர் அதைக் கையில் பூசிக்கொண்டு முதலில் என்ன மணந்தது, உலர்ந்தபின் என்ன மணந்தது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். "முயலுக்கே இருக்குதுங்க. நம்ம மாதவிக்கு வேண்டாமுங்களா?" என்றாள்.

நியாயமான கேள்வி. மாதவியும் மண்ணுலகப் பெண் மட்டுமல்லள். சாபம் பெற்ற உருப்பசியின் மரபில் வந்தவள் என்றுதான் காப்பியம் அவளை அறிமுகம் செய்கிறது. மேலும், சீவக சிந்தாமணியில் சுரமஞ்சரியும் குணமாலையும் தத்தம் சுண்ணமே சிறந்தது என்று வழக்காட, சீவகன் இரண்டையும் காற்றில் தூவி, வண்டுகள் மொய்த்ததை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறான். மணத்தைச் சோதித்துப் பார்ப்பது நம் இலக்கியத்துக்குப் புதிதன்று.

ஒரு சனிக்கிழமை நான்கு மாணவிகளோடு கோட்டைமேட்டில் உள்ள ஓர் அத்தர்க் கடைக்குச் சென்றோம். கடைக்காரப் பெரியவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். விரை ஐந்தும் கோட்டம், துருக்கம், தகரம், அகில், ஆரம் என்று ஒப்பித்தோம். ஆரமும் அகிலும் அவருக்குச் சந்தனமும் ஊதும். மற்ற மூன்றும் அவரிடம் இல்லை. கத்தூரி என்றதும் சிரித்தார். "அந்த மானைத் தொட்டா ஜெயிலுங்க டீச்சரம்மா. இப்ப எல்லாம் கெமிக்கல் கஸ்தூரிதான்." உண்மை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் கத்தூரி மானைக் காக்கிறது. கன்னோசியில் செப்புக் கலத்தில் பூவைக் கொதிக்கவைத்து, அந்த ஆவியைச் சந்தன எண்ணெயில் பிடித்து அத்தர் இறக்குவதை அவர் விளக்கினார். சந்தனத்தின் விலை ஏறிவிட்டதால் இன்று பெரும்பாலும் வேறு எண்ணெயில் இறக்குகிறார்கள் என்பதையும் மறைக்கவில்லை.

அகிலைப் பற்றி அவர் சொன்னது நம்மைத் தைத்தது. அசாமில் வளரும் அந்த மரம் இயல்பாக மணப்பதில்லை. காயம்பட்டுப் பூஞ்சை தொற்றிய இடத்தில் மரம் சுரக்கும் பிசின்தான் மணம். நோயுற்ற மரமே அகில். நம் மேற்கு மலையின் வெள்ளகில் வேறு மரம். நெடுநல்வாடையின் கூதிர்காலத்தில் சந்தனக் கல் சும்மா கிடக்க, அகில் புகையும் காட்சியை எத்தனை முறை நடத்தியிருப்போம்! "அகில், ஒருவகை மணமரம்" என்பதற்கு மேல் ஒரு சொல் சொன்னதில்லை. குறிஞ்சிப்பாட்டின் தொண்ணூற்றொன்பது பூக்களையும் மனப்பாடம் செய்யவைத்த நாம் அவற்றில் எத்தனையை முகர்ந்திருக்கிறோம் என்ற எண்ணமும் கூடவே வந்தது.

சந்தனம், ஊது, கத்தூரி, மல்லிகை, கிராம்பு, ஏலம் ஆகிய ஆறையும் கலந்து அரைத் தோலாப் புட்டி ஒன்று தயாரானது. அதன்மேல் "மாதவி" என்று எழுதி ஒட்டினார்கள். துவருக்காக நாட்டு மருந்துக் கடையில் கடுக்காயும் நெல்லியும் தான்றியும் வாங்கி ஊறவைத்து, அந்த நீரில் கைகழுவிய பின்னரே பூசினோம்.

நம்மால் முழுமையாக முகர முடியாது என்பதை அன்றுதான் மாணவிகளிடம் சொன்னோம். "நீங்கள் சொல்லுங்கள், நாம் எழுதிக்கொள்கிறோம்" என்றோம். அவர்கள் உரையாசிரியர்கள் ஆனார்கள்.

முதல் கால்மணி நேரம் கிராம்பும் ஏலமும். "பல் டாக்டர் ரூம் மாதிரி இருக்குதுங்க" என்றாள் ஒருத்தி. எடை குறைந்த மணங்கள் முதலில் பறந்துவிடுகின்றன. அரைமணிக்குப் பின் மல்லிகை எழுந்தது. இரண்டு மணி நேரத்தில் ஊது. காங்கேயத்துப் பெண் மணிக்கட்டை முகர்ந்துவிட்டு, "எங்க ஊட்டுக் கட்டுத்தாரை வாசமுங்க அம்மா!" என்றாள். மாட்டுக்கொட்டில் மணம் புகார் நகரத்து நடனமங்கையின் கையில்! ஆனால் அவள் முகம் சுளிக்கவில்லை; ஊரை நினைத்துக்கொண்டாள். மாலையில் சந்தனம் மட்டும் எஞ்சியிருந்தது.

ஒரே புட்டிதான். ஐந்து கைகளில் ஐந்து விதம். வறண்ட தோலுடைய பெண்ணிடம் ஒரு மணி நேரத்தில் மறைந்தது. தேங்காயெண்ணெய் தடவியிருந்தவளிடம் இரவு வரை நின்றது. ஒருத்தியிடம் இனிப்பாகவும் மற்றொருத்தியிடம் புளிப்பாகவும் மாறியது. கத்தூரி நமக்குத் துளியும் தெரியவில்லை. நம் குறைதான் என்று நினைத்தோம். நல்ல மூக்குடைய ஒரு மாணவிக்கும் தெரியவில்லை. கடைக்காரர் முன்பே சொன்னதுதான்: "அது சில பேர் மூக்குக்கு ஏறாதுங்க."

அடுத்து கண்ணகி. இங்கே விவாதம் எழுந்தது. கோவலன் பிரிந்தபின் அவள் சாந்து பூசவில்லை, திலகம் இடவில்லை, கூந்தலுக்கு நெய்யும் அணியவில்லை. அவளுக்கு எந்த அத்தரைக் கலப்பது? மணம் என்றால் வாசனை, மணம் என்றால் திருமணமும். ஒருத்திக்கு முன்னது வாய்த்தது. மற்றவளுக்குப் பின்னது மட்டும் வாய்த்தது. நெடுநேரம் பேசிய பின் மாணவிகள் வாசனையே சேர்க்காத வெற்று எண்ணெயைப் புட்டியில் ஊற்றிக் "கண்ணகி" என்று எழுதினார்கள்.

கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டா என்று இறைவனோடு நக்கீரர் வழக்காடிய கதையை எல்லோரும் அறிவோம். 1965இல் வந்த திருவிளையாடல் திரைப்படத்துக்குப் பிறகு தருமியை அறியாத தமிழர் இல்லை. பூவாலும் புகையாலும் எண்ணெயாலும்தான் மணம் என்ற நக்கீரர் பக்கமே நாம் வகுப்பில் பேசிவந்தோம். அறிவுக்கு அது பொருத்தமாகப் பட்டது. இப்போது ஐயம் வந்துவிட்டது. எல்லாம் பூவாலும் எண்ணெயாலும் என்றால் ஒரே புட்டி ஐந்து கைகளில் ஐந்து விதமாக மணப்பானேன்?

கண்ணகிப் புட்டியை நம் மணிக்கட்டில் தடவிக் காங்கேயத்துப் பெண்ணிடம் நீட்டினோம். கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது. இரண்டு ஆண்டுகளாக எவரிடமும் கேட்கத் துணியாத கேள்வி.

"என்ன மணக்கிறது?"

கண்ணை மூடி முகர்ந்தாள். "சாக்பீஸ் வாசமுங்க. சோப்பு வாசம் கொஞ்சம். அப்பறம்..." சற்றுத் தயங்கினாள். "நீங்க கிளாசுக்குள்ள வந்தா வருமுங்களே, அதுங்க அம்மா."

"அது நல்லா இருக்குமா?"

"நல்லாத்தானுங்க இருக்கும்" என்றாள், இதையெல்லாமா கேட்பார்கள் என்ற முகத்தோடு.

நம் மூக்கு இன்றும் முழுமையாகத் திரும்பவில்லை. மல்லிகை மல்லிகையாக மணக்கச் சென்ற கோடை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கைப்பை அத்தர் இப்போது இல்லை. கடலாடு காதை நடத்தும் நாளில் மட்டும் துறை அலமாரியிலிருந்து மாதவியை எடுத்துச் செல்கிறோம். வகுப்பில் ஒரு சுற்று வந்து திரும்புகிறது. அதில் இன்னும் பாதி இருக்கிறது. கண்ணகிதான் என்றோ தீர்ந்துபோயிற்று.